ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதுச் சைலன்சர்: ஓசையா, ஆற்றலா?

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை நெருங்கும்போது இருங்காட்டுக்கோட்டை என்ற ஊர் வருகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையான சோழவரத்தில் நடந்துவந்த மோட்டார் பந்தயங்களுக்குப் பதிலாக, 1990-ஆம் ஆண்டு இங்கே ஒரு நிலையான பந்தயத் தடம் திறக்கப்பட்டது. 1998-இல் இதே ஊரில் ஹூண்டாய் நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கியது. பந்தயத் தடத்தில் காதைப் பிளக்கும் ஓசையுடன் கார்கள் பாய்கின்றன. தொழிற்சாலை வாயிலிலிருந்தோ, ஓசையே இன்றிக் கார்கள் வெளிவருகின்றன. இரண்டிலும் இருப்பது பெட்ரோல் எஞ்சின்தான். வேற்றுமை பெரும்பாலும் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள குழாயில் இருக்கிறது.

இதைப் பார்க்கும் இளைஞர் மனத்தில் ஓர் எண்ணம் எழுவது இயல்பே. 'தொழிற்சாலைக்காரர்கள் சைலன்சர் என்ற பெயரில் எஞ்சினின் மூச்சை அடைத்துவிட்டார்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு நல்ல குழாயாக மாட்டினால் கார் பறக்கும்' என்பதே அந்த எண்ணம். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சோழபுரம் போன்ற ஊர்களிலும் இன்று வேக விரும்பிகளுக்கான சிறிய கார்களை வாங்குவோர் உண்டு. அவற்றுக்கு வெளிச் சந்தையில் குழாய் வாங்கி மாட்ட எண்ணுவோரும் உண்டு. பல ஆயிரம் ரூபாய் செலவாகும் இந்த வேலையில் உண்மையில் கிடைப்பது என்ன, இழப்பது என்ன, வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நொடிக்கு 200 வெடிகள்

நமது ஊர்ப்பக்கத்தில் சிவகாசிச் சரவெடியை அறியாதவர் இல்லை. எஞ்சினின் புகைக்குழாயும் ஒரு வகையில் சரவெடியே. சிலிண்டருக்குள் எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் அடிமட்டத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே வெளியேற்று வால்வு திறக்கிறது. அப்போது உள்ளேயிருக்கும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு இருக்கும். அடைபட்டிருந்த வாயு ஒரே பாய்ச்சலில் குழாய்க்குள் பாய்கிறது. இதுவே ஒரு 'வெடி'.

நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வாயுவை வெளியேற்றும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழன்றால், நொடிக்கு 100 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு வெடி வீதம் நொடிக்கு 200 வெடிகள். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் நொடிக்கு 100. காரின் 'குரல்' என்று நாம் கேட்பது இந்த வெடிகளின் தொடர்ச்சியையே. கிணற்றடி டீசல் எஞ்சினில் சைலன்சர் கழன்றுவிட்டால் ஒவ்வொரு வெடியும் தனித்தனியே காதில் விழுவதைப் பலரும் கேட்டிருப்போம். காரில் அவை மிக வேகமாக வருவதால் ஒன்றோடொன்று கலந்து ஒரே சுருதியாகக் கேட்கின்றன.

குழாய்க்குள் ஓடும் அலை

வெடிக்கும் வாயுவோடு ஓர் அழுத்த அலையும் குழாயில் புறப்படுகிறது. வாயு மெதுவாகவும் அலை மிக வேகமாகவும் செல்கின்றன. சாதாரணக் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். வெப்பம் கூடினால் இந்த வேகமும் கூடும். 600 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் கொதிக்கும் புகைக்குழாயில் அது நொடிக்கு 590 மீட்டரை ஒட்டி இருக்கும்.

இந்த அலை குழாயின் திறந்த முனையையோ, குழாய் திடீரென்று விரிவடையும் இடத்தையோ அடைந்ததும் திரும்பி வருகிறது. திரும்பும்போது அதன் குணம் தலைகீழாகிவிடுகிறது. அழுத்தமாகப் போன அலை, உறிஞ்சும் அலையாக மீளுகிறது. புல்லாங்குழலில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு சுரம் பிறப்பதும் குழாயின் நீளத்துக்கும் இத்தகைய அலைக்கும் உள்ள தொடர்பால்தான்.

உறிஞ்சும் அலை சரியான நேரத்தில் வால்வை வந்தடைந்தால் எஞ்சினுக்குப் பெரும் நன்மை. வெளியேற்று வால்வு மூடப்போகும் தறுவாயில் உள்ளிழுக்கும் வால்வும் திறக்கத் தொடங்கியிருக்கும். அந்தச் சிறு நேரத்தில் உறிஞ்சும் அலை வந்தால், எஞ்சியிருக்கும் எரிந்த வாயுவை வெளியே இழுத்து, புதுக் கலவையையும் உள்ளே வரவழைக்கும். செலவில்லாத ஒரு பம்பு கிடைத்தது போலாகும்.

இதற்கு எவ்வளவு நீளக் குழாய் வேண்டும்? கணக்கிட்டுப் பார்ப்போம். வெளியேற்று வால்வு திறந்தது முதல் இரு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் வரை கிராங்க் தண்டு ஏறத்தாழ 230 பாகை சுழல்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் இதற்கு ஆகும் நேரம் நொடியில் ஆயிரத்தில் 6.4 பங்கு. அதற்குள் அலை ஓடும் தூரம் ஏறத்தாழ 3¾ மீட்டர். போக வர இரண்டும் சேர்ந்த தூரம் இது. ஆகவே குழாயின் நீளம் அதில் பாதி, ஏறத்தாழ 1.9 மீட்டர் இருக்க வேண்டும். 3,000 சுற்றில் நேரம் இரட்டிப்பாகிறது. தேவையான நீளமும் இரட்டிப்பாகி 3¾ மீட்டராகிறது.

இக்கணக்கு தரும் பாடம் மிக முக்கியமானது. ஒரு நீளம் ஒரு வேகத்துக்கே பொருந்தும். 6,000 சுற்றில் உதவும் குழாய் 3,000 சுற்றில் உபத்திரவமாகவும் மாறலாம். நடைமுறையில் எதிரொலியின் எதிரொலியையும் பயன்படுத்துவதால் குழாய்கள் இதைவிடக் குட்டையாக அமைகின்றன. நான்கு சிலிண்டர்களின் குழாய்களும் எந்த இடத்தில், எந்த வரிசையில் கூடுகின்றன என்பதும் கணக்கில் வரும். நான்கும் ஒரே இடத்தில் கூடினால் பொதுவாக உச்ச வேகத்தில் பலன் மிகுதி. முதலில் இரண்டிரண்டாகவும் பிறகு ஒன்றாகவும் கூடினால் இடைப்பட்ட வேகங்களில் இழுவை நன்றாயிருக்கும். பந்தயக் கார் எப்போதும் உச்ச வேகத்தை ஒட்டியே ஓடுவது. ராஜபாளையம் கடைவீதியில் இரண்டாம் கியரில் ஊர்ந்து, ஊர் தாண்டியதும் ஐந்தாம் கியரில் 2,500 சுற்றில் ஓடும் காருக்குப் பந்தயக் குழாய் ஏன் பொருந்தாது என்பது இப்போது விளங்கும்.

'எதிரழுத்தம் வேண்டும்' என்பது சரியா?

பட்டறைகளில் இரண்டு கருத்துகள் உலவுகின்றன. 'சைலன்சர் எஞ்சினை நெரிக்கிறது, எடுத்துவிட்டால் வேகம் பெருகும்' என்பது ஒன்று. 'கொஞ்சம் எதிரழுத்தம் இருந்தால்தான் எஞ்சின் இழுக்கும்' என்பது மற்றொன்று. இரண்டுமே முழு உண்மை அல்ல.

எதிரழுத்தம் என்பது எரிந்த வாயுவை வெளியே தள்ளப் பிஸ்டன் எதிர்த்துப் போராட வேண்டிய அழுத்தம். அது எஞ்சினுக்கு ஒருபோதும் நன்மை செய்வதில்லை. எஞ்சினுக்கு உதவுவது சற்று முன் கண்ட உறிஞ்சும் அலையும், தலைக்குழாயில் வாயுவின் விரைவான ஓட்டமுமே. அகலமான குழாயை மாட்டியதும் சிலருடைய காரில் இழுவை குறைவதற்குக் காரணம், எதிரழுத்தம் போனது அன்று. தலைக்குழாயின் நீளமும் குறுக்களவும் மாறியதால் அலையின் கணக்கு கெட்டுப்போனதே காரணம்.

சரி, எதிரழுத்தத்தைக் குறைத்தால் எவ்வளவு ஆற்றல் கிடைக்கும்? 1,200 கன சென்டிமீட்டர் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். புதுச் சைலன்சர், எதிரழுத்தத்தில் காற்று மண்டல அழுத்தத்தின் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதாவது சதுர மீட்டருக்கு 20,000 நியூட்டன். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் எஞ்சின் தன் முழுக் கொள்ளளவையும் நொடிக்கு 50 முறை வெளியேற்றுகிறது. அழுத்தம், கொள்ளளவு, முறை மூன்றையும் பெருக்கினால் (20,000 × 0.0012 × 50) வருவது 1,200 வாட். குதிரைத் திறனில் சொன்னால் 1.6.

85 குதிரைத் திறன் உள்ள காரில் இது நூற்றுக்கு இரண்டு. அதுவும் உச்ச வேகத்தில் மட்டும். நண்பர் ஒருவரை முன்னிருக்கையிலிருந்து இறக்கிவிட்டால் கிடைக்கும் விரைவுகூட இதைவிட மிகுதி. மாறாகக் காதுக்குக் கிடைக்கும் மாறுதலோ மிகப் பெரியது. ஓசை பெருகியதும் கார் விரைவதாக மனம் நம்பிவிடுகிறது. ஓசையை ஆற்றல் என்று எண்ணுவதே இந்த வியாபாரத்தின் அடித்தளம் எனலாம்.

டர்போ பொருத்திய எஞ்சின்களின் கதை சற்று வேறு. அங்கே புகையின் விசையே ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் காற்றை உள்ளே அழுத்துகிறது. சக்கரத்துக்குப் பின்னால் தடை குறைந்தால் அது எளிதாகச் சுழலும். ஆகவே டர்போ காரில் குழாய் மாற்றத்தின் பலன் சற்றுக் கூடுதலாகத் தெரியும். ஆனால் உள்ளழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது காரின் கணினி. அது நிர்ணயித்த அளவைத் தாண்டிக் குழாயால் மட்டும் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது.

எவ்வளவு அகலம்?

கடைகளில் 50, 63, 76 மில்லிமீட்டர் எனப் பல அளவுகளில் குழாய்கள் கிடைக்கின்றன. பெரியதே சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. மேலே கண்ட 1,200 க.செ.மீ. எஞ்சின் உச்ச வேகத்தில் நொடிக்கு 60 லிட்டர் காற்றை உட்கொள்ளும். வெப்பத்தால் மூன்று மடங்காக விரிந்து அது 180 லிட்டராக வெளியேறும். 50 மி.மீ. உட்குறுக்களவுள்ள குழாயில் இதன் சராசரி வேகம் நொடிக்கு 92 மீட்டர். 63 மி.மீ. குழாயில் 58 மீட்டர். 76 மி.மீ. குழாயிலோ 40 மீட்டர்தான்.

தலைக்குழாய் அளவுக்கு மீறி அகன்றால் வாயுவின் விரைவு தளர்ந்து, குறைந்த வேகத்தில் இழுவை கெடும். பின்குழாய் அகன்றால் இழுவை அவ்வளவு கெடாது. ஆனால் எடை கூடும், உறுமல் கூடும், காரின் அடியில் தரையிடைவெளி குறையும். வேகத்தடைகள் நிறைந்த நம் சாலைகளில் கடைசியாகச் சொன்னது சிறிய குறையன்று. இத்தகைய சிறு எஞ்சினுக்கு 50 மி.மீ. அளவே தாராளம். 76 மி.மீ. குழாய் இதைப் போல் இரண்டு மூன்று மடங்கு காற்றை விழுங்கும் எஞ்சின்களுக்கு உரியது.

சைலன்சருக்குள் என்ன இருக்கிறது?

சைலன்சர்கள் இரு வகைப்படும். முதல் வகையில் உள்ளே தடுப்புகளால் பிரிக்கப்பட்ட பல அறைகள் இருக்கும். வாயு அறைக்கு அறை வளைந்து செல்ல, அலைகள் ஒன்றோடொன்று மோதி அழியும். தடித்த குரலை அடக்குவதில் இது வல்லது. தொழிற்சாலைக் கார்களில் பெரிதும் காணப்படுவது இதுவே.

இரண்டாம் வகையில் துளையிட்ட நேர்க்குழாய் ஒன்று நடுவே செல்லும். அதைச் சுற்றிக் கண்ணாடி இழை அல்லது பாறை இழைப் பஞ்சு அடைக்கப்பட்டிருக்கும். அலைகள் துளைகள் வழியே பஞ்சுக்குள் புகுந்து வெப்பமாகி மடியும். வாயுவுக்குத் தடை குறைவு. ஆனால் கீச்சுக் குரலை அடக்கும் அளவுக்கு இது தடித்த குரலை அடக்காது. நாளடைவில் பஞ்சு எரிந்தும் பறந்தும் போக, ஓசை ஆண்டுக்கு ஆண்டு பெருகும். ஆகவே இந்த வகையை வாங்குவோர், பஞ்சை மாற்றும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்குவது நலம்.

வாங்கிய பிறகு பலரை வருத்துவது உள் இரைச்சல். நிமிடத்துக்கு 2,000 முதல் 3,000 சுற்றுக்குள் வெடிகளின் எண்ணிக்கை நொடிக்கு 67 முதல் 100 ஆகிறது. காரின் உட்கூடும் இத்தகைய தடித்த ஓசைக்கு ஒத்திசைந்து அதிரக் கூடியது. கடையில் ஐந்து நிமிடம் கேட்கும்போது இனிமையாக இருந்த உறுமல், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை போய்ச் சேருவதற்குள் தலைவலியாக மாறுகிறது.

இதற்கு ஒரு மாற்று உண்டு. பிரதான குழாயின் பக்கத்தில், மறுமுனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றைப் பற்றவைத்தால், ஒரு குறிப்பிட்ட சுருதியை அது விழுங்கிவிடும். அதன் நீளம், அந்தச் சுருதியின் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். பின்குழாயில் வெப்பம் 300 டிகிரி எனில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 475 மீட்டர். நொடிக்கு 100 அதிர்வுள்ள இரைச்சலை அழிக்க 1.2 மீட்டர் நீளம் தேவை. சிறிய காரின் அடியில் இதற்கு இடம் தேடுவது எளிதன்று. வாங்குவதற்கு முன்பே, அதே குழாய் பொருத்திய அதே வகைக் காரில் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் பயணம் செய்து பார்ப்பதே சிறந்த சோதனை.

தொடக் கூடாத தேன்கூடு

தலைக்குழாய்க்கு அடுத்தாற்போல் தடித்த ஒரு குடுவை இருக்கும். அதனுள் தேனடை போன்ற நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டியும், அதன்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்களின் மெல்லிய பூச்சும் உண்டு. இதுவே வினையூக்கி மாற்றி. பட்டறை வழக்கில் 'கேடலிடிக் கன்வர்ட்டர்'. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்று நச்சுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இது மாற்றிவிடுகிறது. நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களில் விற்கப்பட்ட புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ்-6 விதிகளின்படி, பெட்ரோல் கார் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிராம் கார்பன் மோனாக்சைடுக்கு மேல் வெளிவிடக் கூடாது. இந்தத் தேன்கூடு இல்லாமல் அந்த அளவை எட்டவே முடியாது.

'இதை எடுத்துவிட்டு வெறும் குழாய் வைத்தால் கூடுதல் ஆற்றல்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது பல. முதலாவது, கார்பன் மோனாக்சைடு நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றக் கூடிய நஞ்சு. நிறமோ மணமோ அதற்கு இல்லை. மாற்றியை எடுத்த காரில் ஓர் இணைப்பு கசிந்தால், கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு ஏ.சி.யில் உறங்கும் குழந்தைகளுக்கே முதலில் ஆபத்து. இரண்டாவது, மாற்றிக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் உணரிகள் உள்ளன. பின் உணரி, மாற்றி இல்லாததைக் கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கை எரியவைக்கும். மூன்றாவது, முன் உணரிக்கு அருகே இணைப்பு கசிந்தால் உறிஞ்சும் அலையின்போது வெளிக்காற்று உள்ளே நுழையும். பெட்ரோல் போதவில்லை என்று தவறாக எண்ணிக் கணினி மேலும் பெட்ரோலைப் பாய்ச்சும். மைலேஜ் விழும்.

ஆகவே சாலையில் ஓடும் காருக்கு ஒரே விதிதான். மாற்றம் என்று எதைச் செய்தாலும் அது வினையூக்கி மாற்றிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி, ஒவ்வொரு வாகனத்திலும் ஓசையை இயன்ற அளவு குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. 112-ஆவது விதியின்படி புகை கீழ்நோக்கியோ இடப்புறமாகவோ வெளியேறக் கூடாது. 113-ஆவது விதியின்படி பெட்ரோல் குழாய்க்கு 35 மி.மீ. தூரத்துக்குள் புகைக்குழாய் வரக் கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்துக்குப் பின், ஓசை மற்றும் காற்று மாசு விதிகளை மீறுவோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் முடங்கும்.

புதிய கார்களுக்கு 2005 ஏப்ரல் முதல் உள்ள ஓசை வரம்பு 74 டெசிபல். முழு விசையில் வேகமெடுக்கும் காரை, பக்கவாட்டில் 7.5 மீட்டர் தள்ளி வைத்த ஒலிவாங்கியால் அளந்த அளவு இது. தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். எனவே இதே ஓசை குழாயிலிருந்து அரை மீட்டரில் ஏறத்தாழ 97 டெசிபலாகக் காட்டும். விற்பவர் சொல்லும் டெசிபல் எண், எந்தத் தூரத்தில் அளந்தது என்று கேட்காமல் பொருளற்றது.

டெசிபல் கணக்கு வேறொரு வகையிலும் ஏமாற்றக் கூடியது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு. 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது செவி மருத்துவத்தில் வழங்கும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் இந்த நேரம் பாதியாகிறது. 94 டெசிபலில் ஒரு மணி நேரம், 100-இல் கால் மணி நேரம். ஓட்டுபவரின் செவியே முதல் பலி.

நம் வட்டாரத்துக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. 1988-இல் அமைந்த சாம்பல் நிற அணில் சரணாலயமும், 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமும் நமது ஊர்களின் மேற்கு எல்லையில் இருக்கின்றன. செண்பகத்தோப்புப் பக்கம் காரில் போகிறவர்கள் உறுமலோடு போவது காட்டுயிர்களுக்குத் தொல்லை. கொதிக்கும் குழாயைக் கோடைக்காலத்துக் காய்ந்த புல்லின்மேல் நிறுத்துவதோ தீக்கு அழைப்பு.

உலோகத்தைத் தேர்ந்தெடுத்தல்

எவர்சில்வர் பாத்திரம் வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. குழாய்க்கும் அதையே செய்கிறார்கள். இது முழுச் சோதனை ஆகாது. தொழிற்சாலைகள் பெரிதும் பயன்படுத்தும் 409 என்ற வகை எவர்சில்வரில் காந்தம் ஒட்டும். மேலே சற்றுத் துருப்பிடித்தாலும் அது பல ஆண்டு உழைக்கும். 304 வகையில் காந்தம் அநேகமாக ஒட்டாது. பளபளப்பும் துரு எதிர்ப்பும் மிகுதி, விலையும் மிகுதி. ஆனால் மலிவான 201 வகையிலும் காந்தம் ஒட்டாது. அது 304 அளவுக்குத் துருவைத் தாங்காது. ஆகவே வகை எண்ணை விலைப்பட்டியலில் எழுதி வாங்குவதே பாதுகாப்பு. சாதாரண இரும்புக் குழாய் விலை குறைவு. மழைக்காலம் சில கண்டதும் ஓட்டை விழும்.

பொருத்தும் முறை

வேலை தொடங்குமுன் கார் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவதாகும். தூக்கு மேடையோ உறுதியான தாங்கிகளோ கட்டாயம் வேண்டும். துருவேறிய நட்டுகளில் முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்தால் போல்ட் முறியாது. சைலன்சர் ரப்பர்களில் சோப்பு நீர் தடவினால் எளிதாகக் கழலும். பெட்ரோலிய எண்ணெய் தடவினால் ரப்பர் உப்பிக் கெடும். ஆக்சிஜன் உணரியின் கம்பியை இழுக்காமல் இணைப்பைப் பிரிக்க வேண்டும்.

புதுக் குழாயை முன்னிருந்து பின்னாக மாட்ட வேண்டும். எல்லா இணைப்புகளையும் முதலில் தளர்வாகவே வைத்து, முழு வரிசையும் நேராக நின்ற பிறகே முறுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் அவ்வப்போது முறுக்கிவிட்டால் கடைசியில் குழாய் கோணிக்கொள்ளும். பழைய கேஸ்கட்டை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. வெல்டிங் தேவைப்பட்டால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோல் குழாய்களை மறைத்துக்கொள்வது அவசியம்.

வெப்பத்தால் குழாய் நீளும் என்பதை மறக்கலாகாது. 304 வகையில் செய்த 3 மீட்டர் குழாய் 400 டிகிரி சூடேறினால் 20 மி.மீ. நீளும். இதற்கு இடம் தருவதற்காகவே எஞ்சினை அடுத்து வளையும் இணைப்பும், வழியெங்கும் ரப்பர்களும் உள்ளன. ரப்பருக்குப் பதில் இரும்புப் பட்டையால் இறுக்கிக் கட்டினால் ஏதாவது ஓர் இணைப்பு விரிசல் காணும். குழாயைச் சுற்றிலும், குறிப்பாகப் பெட்ரோல் டாங்கியும் பிரேக் குழாய்களும் உள்ள இடங்களில், நல்ல இடைவெளி இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்க்க வேண்டும்.

பின்பு, திறந்த வெளியில் எஞ்சினைக் கிளப்பி, குழாய் சூடேறுமுன் இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்தால் கசிவுள்ள இடம் குமிழியிட்டுக் காட்டிக்கொடுக்கும். ஒருமுறை நன்றாகச் சூடேறிக் குளிர்ந்தபின் எல்லா நட்டுகளையும் மீண்டும் முறுக்க வேண்டும். இறுதியாக மாசுச் சோதனை செய்து சான்று பெறுவதும், கழற்றிய பழைய சைலன்சரைப் பழைய இரும்புக்குப் போடாமல் பத்திரப்படுத்துவதும் அறிவுடைமை.

யாருக்கு எது?

மறைந்த எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியில் மாருதி 800 காரின் எஞ்சினையே கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கித் தமிழக இளைஞர் பலருக்குப் பந்தய வாசலைத் திறந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் அவர் பெயரால் 2.1 கி.மீ. நீளப் பந்தயத் தடம் இருக்கிறது. வேகமும் உறுமலும் வேண்டுவோர்க்கு உரிய இடம் அத்தகைய தடங்களே. அங்கே நீளத்தையும் குறுக்களவையும் விருப்பம்போல் மாற்றி ஆராயலாம்.

சாலைக்கு வேண்டியது வேறு. இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையே 2021-இல் ஐ20 என் லைன் என்ற காரை இரட்டை வாய்க் குழாயுடனும், சற்றுக் கம்பீரமான குரலுடனும் சட்ட வரம்புக்குள் வெளியிட்டது. குரலில் கம்பீரம் வேண்டுமானால் இத்தகைய காரைத் தேடுவதோ, காரைத் தயாரித்த நிறுவனம் அனுமதித்த உறுப்பை மட்டும் வாங்குவதோ நேர்வழி. வேறு எதை மாட்டுவதானாலும், பணம் கொடுக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது முறை. ஆற்றலே நோக்கமானால், அதே பணத்துக்கு நல்ல டயர்களும் பிரேக் கட்டைகளும் மாற்றினால், கார் விரைவாகவும் பத்திரமாகவும் வளைவுகளைக் கடக்கும்.

சைலன்சர் எஞ்சினின் வாயில் திணித்த துணியன்று. எஞ்சின் எந்த வேகத்தில் மூச்சுவிட வேண்டும் என்று கணக்கிட்டு அமைத்த அதன் ஓர் உறுப்பு. அதை மாற்ற நினைப்பவர் காதை நம்பாமல் கணக்கை நம்பினால், பணமும் மிஞ்சும், ஊராரின் உறக்கமும் மிஞ்சும்.